எக்ஸிமா அரிப்புக்குப் பின்னால இருக்குற மாஸ்ட் செல்... 24 வயசுல அதைக் கண்டுபிடிச்ச பால் எர்லிக் யார்?

முழங்கையின் உள்பக்கம், முழங்காலுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு. கைக்குழந்தை என்றால் கன்னம். எக்ஸிமா இருக்கிறவர்களுக்கு இந்த இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊரில் கரப்பான் என்று சொல்லும் இந்தத் தோல் பிரச்னையில் சிவப்பு, வறட்சி, நீர் வடிதல் எல்லாம் இருந்தாலும், ஆளைத் தூங்கவிடாமல் செய்வது அரிப்புதான்.

அந்த அரிப்பு நடக்கும் இடத்தில், தோலுக்குக் கொஞ்சம் கீழே, ரத்தக் குழாய்களையும் நரம்பு முனைகளையும் ஒட்டி ஒரு வகை செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெயர் மாஸ்ட் செல். அதன் வயிறு முழுக்கக் குட்டிக் குட்டி மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஹிஸ்டமின், ஹெப்பாரின், அதோடு புரதத்தை வெட்டும் என்சைம்கள்.

இந்த செல்லை முதலில் அடையாளம் காட்டி, பெயரும் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் எர்லிக். அப்போது அவருக்கு வயது 24. இன்னும் டாக்டர் பட்டம்கூடக் கைக்கு வரவில்லை!

எர்லிக் என்றாலே மேகநோய் எனப்படும் சிபிலிஸுக்கு மருந்து கண்டவர் என்றுதான் பாடப் புத்தகத்தில் வரும். ஆனால் தோல் டாக்டர்கள் இன்றைக்கு எக்ஸிமாவுக்கு எழுதிக் கொடுக்கும் புது மருந்துகள் வரைக்கும் அவர் போட்ட பாதை நீள்கிறது. அந்தப் பாதையில் அவர் பட்ட அடிகளும் கொஞ்சமில்லை.

கை முழுக்கச் சாயம்

1854 மார்ச் 14. அன்றைய பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் என்ற சிறிய ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் எர்லிக். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. அப்பா மது வடிக்கும் தொழில் செய்தவர். அம்மா வழியில் ஒரு உறவுக்காரப் பையன், எர்லிக்கைவிட 9 வயது மூத்தவர், கார்ல் வைகர்ட். பின்னாளில் பெரிய நோயியல் நிபுணர் ஆன இவர்தான் எர்லிக்கின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர்.

எப்படி? சாயத்தால்!

எர்லிக் பிறந்து 2 வருஷம் கழித்து, 1856-ல், இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் நிலக்கரித் தாரில் இருந்து கிடைக்கும் பொருளை வைத்து ஊதாச் சாயம் ஒன்றைத் தற்செயலாகச் செய்துவிட்டார். அதன்பிறகு செயற்கைச் சாயம் பெரும் தொழிலானது. ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைகள் வரிசையாக முளைத்தன. துணிக்குப் போட்ட இந்த அனிலின் சாயங்களை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் உடல் திசுக்களுக்கும் போட்டுப் பார்த்தவர்களில் வைகர்ட் முக்கியமானவர். அதைப் பார்த்துத்தான் எர்லிக்குக்கும் சாயப் பைத்தியம் பிடித்தது.

பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் என்று நான்கு பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்தார். வகுப்புப் பாடத்தைவிடச் சாயப் புட்டிகளோடு இருந்த நேரம்தான் அதிகம். பிரெஸ்லாவுக்கு வந்த ராபர்ட் காக்கிடம் எர்லிக்கைக் காட்டி, சாயம் போடுவதில் பையன் கெட்டிக்காரன், ஆனால் பரீட்சையில் தேறவே மாட்டான் என்று யாரோ அறிமுகப்படுத்தியதாக ஒரு கதை உண்டு. அந்தப் பையன் தேறினான் என்பதோடு, சாயத்தையே பட்டத்துக்கான ஆய்வாகவும் ஆக்கிக்கொண்டான்.

மாஸ்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

எர்லிக் யோசித்த விதம் வித்தியாசமானது. ஒரே சாயத்தை ஒரு திசு முழுக்க ஊற்றினாலும், சில இடங்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொள்கின்றன, மற்றவை விட்டுவிடுகின்றன. ஏன்? சாயத்தின் வேதியியலுக்கும் அந்த இடத்தின் வேதியியலுக்கும் ஏதோ ஒரு பொருத்தம் இருந்தாக வேண்டும். மற்றவர்களுக்குச் சாயம் என்பது படம் தெளிவாகத் தெரிவதற்கான கருவி. எர்லிக்குக்கோ அது செல்லின் வேதியியலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி.

1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில், இணைப்புத் திசுவில் தான் பார்த்த விசித்திரமான செல்களைப் பற்றி எழுதினார். உள்ளே மணி மணியாக நிறைந்திருந்தன. சாயம் போட்டால் அந்த மணிகள் சாயத்தின் சொந்த நிறத்தைக் காட்டாமல் வேறொரு சாயலுக்கு மாறின. நாள்பட்ட வீக்கம் இருக்கும் இடங்களில் இந்த செல்கள் கூடுதலாகத் தெரிந்ததையும் கவனித்தார்.

சரி, உள்ளே இருக்குற மணி எல்லாம் என்ன? நல்ல தீனி கிடைத்து, சாப்பிட்டதைச் சேர்த்து வைத்திருக்கும் செல்கள் என்று நினைத்தார். ஜெர்மன் மொழியில் மாஸ்ட் என்றால் கால்நடையைத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பது. அப்படி வந்ததுதான் மாஸ்ட் செல் என்ற பெயர்.

ஊகம் தப்பு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த மணிகள் சாப்பாட்டு மூட்டை கிடையாது, கிட்டத்தட்ட வெடிமருந்து மூட்டை என்பது தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1937-ல்தான் மாஸ்ட் செல்லில் ஹெப்பாரின் இருப்பது ஸ்வீடனில் தெரியவந்தது. ஹிஸ்டமின் அதற்குள் இருப்பதை ஜேம்ஸ் ரைலி, ஜெஃப்ரி வெஸ்ட் ஆகிய இருவரும் 1953-ல் காட்டினார்கள். என்சைம்களின் முறை அதற்கும் பிறகு வந்தது.

என்சைம் அங்கே என்ன பண்ணுது?

மாஸ்ட் செல் மணிகளில் இருக்கும் முக்கியமான என்சைம்கள் டிரிப்டேஸ், கைமேஸ். இரண்டும் புரதத்தை வெட்டும் கத்திரிகள். நம் குடலில் சாப்பாட்டுப் புரதத்தைச் செரிக்கும் என்சைம்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

பூச்சிக்கடி விஷம், பாம்பு விஷம், ஒட்டுண்ணிப் புழு போன்ற எதிரிகள் தோல் வழியாக உள்ளே வந்தால் அதைச் சமாளிப்பதுதான் இவற்றின் வேலை. மாஸ்ட் செல்லுக்கு அபாயச் செய்தி வந்ததும் மணிகள் உடைந்து உள்ளே இருப்பது எல்லாம் வெளியே கொட்டும். கத்திரிகள் விஷப் புரதத்தை வெட்டும். நல்ல விஷயம்தான்.

எக்ஸிமாவில் பிரச்னை என்ன என்றால், எதிரி இல்லாத இடத்திலும் இந்தக் கத்திரிகள் வேலை செய்கின்றன. எக்ஸிமா வந்த தோலை எடுத்துப் பார்த்தால் மாஸ்ட் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும்.

டிரிப்டேஸ் செய்யும் வேலை சுவாரசியமானது. நரம்பு முனைகளில் பார்-2 என்று ஒரு ஏற்பி இருக்கிறது. ஏற்பி என்றால் செல்லின் மேல் இருக்கும் பூட்டு மாதிரி. பொதுவாக வெளியில் இருந்து ஒரு சாவி வந்து பூட்டைத் திறக்கும். பார்-2 அப்படி இல்லை. சாவி அதன் உடம்பிலேயே மூடிவைக்கப்பட்டிருக்கிறது. டிரிப்டேஸ் வந்து நுனியை வெட்டியதும், மறைந்திருந்த சாவி வெளியே வந்து தன் பூட்டைத் தானே திறந்துவிடுகிறது. நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. விரல் நகம் தானாகத் தோலுக்குப் போகிறது!

எக்ஸிமாவுக்கு அரிப்பு மாத்திரை போட்டும் அரிப்பு அடங்கவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான். அந்த மாத்திரைகள் பெரும்பாலும் ஹிஸ்டமினை மட்டும் தடுப்பவை. எக்ஸிமா அரிப்போ ஹிஸ்டமினை மட்டும் நம்பி இருப்பதில்லை. டிரிப்டேஸ், இன்டர்லூகின்-31 போன்ற வேறு வழிகளும் திறந்தே இருக்கின்றன. (சில மாத்திரைகள் தூக்கம் வரவைப்பதால் ராத்திரி கொஞ்சம் நிம்மதி தரும். அது வேறு கதை.)

இன்னொரு பக்கம், தோலின் மேல் அடுக்கிலேயே கல்லிக்ரீன் என்ற வகை என்சைம்கள் உள்ளன. பழைய தோல் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பை வெட்டி, அவற்றை உதிர வைப்பது இவற்றின் அன்றாட வேலை. இந்தக் கத்திரிக்கு லெக்டி என்று ஒரு பிரேக் புரதமும் உண்டு. பிறவியிலேயே அந்த பிரேக் இல்லாமல் போனால் நெதர்டன் நோய் வரும். உடம்பெல்லாம் தோல் உரிந்து, பார்க்க மோசமான எக்ஸிமா மாதிரியே இருக்கும். சாதாரண எக்ஸிமாவிலும் இந்தக் கத்திரிகள் கொஞ்சம் வேகமாகவே ஓடுகின்றன. வேகமாக வெட்டினால் தோலின் சுவர் மெலிகிறது. சுவர் மெலிந்தால் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. நோய் எதிர்ப்பு செல்கள் அலறிக்கொண்டு வருகின்றன.

காரமான சோப்பைப் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. சோப்பு அதை மாற்றும்போது இந்த என்சைம்கள் இன்னும் சுறுசுறுப்பாகிவிடும்.

அதற்காக எக்ஸிமாவுக்கு மாஸ்ட் செல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தோலின் சுவருக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள குறை எக்ஸிமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று 2006-ல் தெரியவந்தது. டி செல்கள் அனுப்பும் செய்திகள், தோலில் குடியேறும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா என்று கூட்டாளிகள் நிறைய. யார் தலைவன் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அடுப்பில் மறந்த கண்ணாடித் தகடு

1878-லேயே பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் எர்லிக்குக்கு வேலை கிடைத்தது. அங்கே தலைமை டாக்டர் ஃபிரெரிக்ஸ். இளைஞரைத் தன் போக்கில் விட்டவர். எர்லிக் இப்போது ரத்தத்தில் கைவைத்தார்.

ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, காயவைத்து, சூடுகாட்டி, சாயம் போடுவார். அதுவரை ஒரே கூட்டமாகத் தெரிந்த வெள்ளை அணுக்கள் தனித்தனிச் சாதியாகப் பிரிந்தன. 1879-ல், ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஆசையாகப் பிடித்துக்கொண்ட அணுவுக்கு ஈயோசினோஃபில் என்று பெயர் வைத்தார். இன்றைக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில், ஈயோசினோஃபில், பேசோஃபில் என்று வரிசையாக வருகிறதே, அந்தப் பாகுபாடு இவர் போட்டது. எக்ஸிமா, ஆஸ்துமா உள்ள பலருக்கு அதில் ஈயோசினோஃபில் எண்ணிக்கைதான் ஏறி நிற்கும். இந்த அணுவின் மணிகளுக்குள்ளும் பெராக்ஸிடேஸ் என்ற என்சைம் உண்டு. ஆக, எக்ஸிமா கதையில் வரும் இரண்டு முக்கியமான செல்களைப் பிரித்துக் காட்டியவர் ஒரே ஆள், அதுவும் 2 வருஷத்துக்குள்.

1882 மார்ச் 24-ம் தேதி, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போய் அதைவிட நல்ல சாயமேற்றும் முறையைத் தேட ஆரம்பித்தார். தகடுகளை அணைந்திருந்த அடுப்பின்மேல் காயவைத்துவிட்டுப் போக, தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட்டதாகவும், அந்தச் சூட்டில்தான் கிருமி சாயத்தை நன்றாகப் பிடித்ததாகவும் சொல்வார்கள். சளிப் பரிசோதனையில் இன்றும் பயன்படும் முறைக்கு அடிப்படை அந்த வேலைதான்.

1883-ல் ஹெட்விக் பிங்கஸ் என்ற 19 வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். 1885-ல் ஃபிரெரிக்ஸ் இறந்துபோனதும் சாரிட்டேயில் காற்று மாறியது. புதிதாக வந்த தலைவர் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில்தான் எர்லிக்கை இறுக்கிப் பிடித்தார். ஆராய்ச்சிக்கு இடம் சுருங்கிப்போனது.

அடுத்த இடி உடம்பிலேயே விழுந்தது. எர்லிக்குக்குக் காசநோய். தான் செம்மைப்படுத்திய அதே சாய முறையால்தான் தன் சளியில் இருந்த கிருமியைப் பார்த்தார். வெயிலும் வறண்ட காற்றும் தேடி 1888-ல் மனைவியோடு எகிப்துக்குப் போனார். தேறித் திரும்பியபோது கையில் வேலை இல்லை. பெர்லினில் சின்னதாக ஒரு தனி ஆய்வகம் வைத்துக்கொண்டு எலிகளோடு உட்கார்ந்தார்.

குன்றிமணி விஷமும் எலிக்குட்டியும்

அந்தச் சின்ன ஆய்வகத்தில் நடந்ததுதான் நோய் எதிர்ப்பு அறிவியலின் அழகான சோதனைகளில் ஒன்று.

ஆமணக்கு விதையில் ரைசின் என்ற விஷம் இருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக இருக்கும் குன்றிமணிக்குள் அப்ரின். (இரண்டுமே உண்மையில் என்சைம்கள். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரத்தைப் பழுதாக்குபவை. அது எர்லிக் காலத்தில் தெரியாது.) எலிகளுக்கு இந்த விஷத்தை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில், சாதாரண எலியைக் கொன்றுபோடும் அளவைக் கொடுத்தாலும் இந்த எலிகள் அசரவில்லை. ரைசினுக்குப் பழகிய எலியை அப்ரின் கொன்றது, அப்ரினுக்குப் பழகியதை ரைசின் கொன்றது. அதாவது ஒவ்வொரு விஷத்துக்கும் தனித்தனி எதிர்ப்பு.

அந்த எதிர்ப்பு குட்டிக்குப் போகுமா? எலித்தாய்களை மாற்றிப் பார்த்தார். எதிர்ப்பு பெற்ற தாயிடம், வேறு சாதாரண எலியின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கும் எதிர்ப்பு வந்தது. தாய்ப்பால் வழியாகப் பாதுகாப்பு போகிறது என்று காட்டியது இந்தச் சோதனை. வருஷம் 1892.

இந்த அளவுக் கணக்குதான் எமில் பெரிங்குக்குத் தேவைப்பட்டது. குழந்தைகளை மூச்சுத் திணற வைத்துக் கொன்ற தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்தில் இருந்து மருந்து எடுக்கலாம் என்று பெரிங் கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஒரு நாள் வேலை செய்த மருந்து அடுத்த நாள் வேலை செய்யாது. வலிமையை ஒரே அளவாக நிலைநிறுத்தி, எத்தனை யூனிட் என்று அளக்கும் முறையைக் கொடுத்தவர் எர்லிக். மருந்து ஜெயித்தது. 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குப் போனது, கூடவே பெரும் பணமும். தான் ஏமாற்றப்பட்டதாக எர்லிக் நினைத்தார். அந்த நட்பு பழையபடி ஒட்டவே இல்லை.

பூட்டு சாவி

1897-ல் எர்லிக் முன்வைத்த கொள்கைக்குப் பக்கச் சங்கிலிக் கொள்கை என்று பெயர். கேட்பதற்கு வேதியியல் வகுப்பு மாதிரி இருந்தாலும் விஷயம் எளிமையானது.

அதற்கு 3 வருஷம் முன்பு, எமில் ஃபிஷர் என்ற வேதியியலாளர், ஒரு என்சைமும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் மாதிரிப் பொருந்துகின்றன என்று சொல்லியிருந்தார். எர்லிக் அந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகள் உண்டு. விஷம் அதில் பொருந்தினால்தான் பாதிப்பு. தப்பிப் பிழைத்த செல், இழந்த கொக்கிகளுக்குப் பதிலாகத் தேவைக்கு மேல் உற்பத்தி செய்கிறது. உபரிக் கொக்கிகள் கழன்று ரத்தத்தில் மிதக்கின்றன. அவைதான் எதிர்ப்பொருள்.

விவரங்களில் பிசகு இருந்தது. ஆனால் செல்லின் மேல் ஏற்பி இருக்கிறது, அதில் பொருந்துவது மட்டும்தான் வேலை செய்யும் என்ற அடிப்படை நிலைத்தது. மேலே பார்த்த பார்-2 உட்பட, ஏற்பி என்ற வார்த்தை வரும் ஒவ்வொரு இடத்திலும் எர்லிக் இருக்கிறார். 1908-ல் இலியா மெச்னிகோஃப்புடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நோயின் பூட்டில் மட்டும் பொருந்தி, மற்றதைத் தொடாத ஒரு மருந்து செய்ய முடிந்தால்? மந்திரத் தோட்டா என்று இதைத்தான் அவர் கனவு கண்டார்.

எக்ஸிமாவுக்கு இப்போது வரும் மருந்துகளைப் பார்த்தால் அந்தக் கனவு புரியும். முன்பு ஸ்டீராய்டு களிம்புதான் பெரிய ஆயுதம், இன்றும் அது தேவையான மருந்துதான். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிரிசபோரோல் களிம்பு, நோய் எதிர்ப்பு செல்லுக்குள் இருக்கும் பிடிஇ-4 என்ற ஒரு என்சைமைத் தடுக்கிறது. 2017-ல் வந்த டுபிலுமாப் ஊசி, ஏற்பி ஒன்றை மூடிவிடுகிறது. 2021, 2022-ல் எக்ஸிமாவுக்கு அனுமதி கிடைத்த ருக்ஸோலிடினிப் களிம்பும், அப்ரோசிடினிப், உபடாசிடினிப் மாத்திரைகளும் ஜேக் என்ற என்சைம்களைக் குறிவைக்கின்றன. ஏற்பிக்கு வந்த செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது இந்த ஜேக். அதை நிறுத்தினால் அரிப்புச் செய்தியும் நிற்கிறது, பலருக்குச் சில நாட்களிலேயே.

ஆனால் ஜேக் மாத்திரைகளின் பெட்டியில் கடுமையான எச்சரிக்கையும் அச்சாகி வருகிறது. தொற்று, ரத்தக் கட்டி, இதயப் பாதிப்பு என்று அபாயங்கள் இருப்பதால் தோல் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது. குறி தவறாத தோட்டா இன்னும் யார் கையிலும் இல்லை. இந்தச் சிக்கலின் கசப்பை முதலில் குடித்தவரும் எர்லிக்தான்.

606

1899-ல் எர்லிக்கின் நிறுவனம் பிராங்க்ஃபர்ட்டுக்கு மாறியது. 1906-ல், கணவர் நினைவாக ஃபிரான்சிஸ்கா ஸ்பெயர் கொடுத்த நன்கொடையில், ஜார்ஜ் ஸ்பெயர் இல்லம் என்ற ஆய்வகம் பக்கத்திலேயே எழுந்தது. அங்கே எர்லிக்கின் அறை ஒரு தனி உலகம். நாற்காலி, சோபா, தரை என்று எங்கும் புத்தகக் குவியல். கக்கத்தில் சுருட்டுப் பெட்டி. ஒரு நாளைக்கு 25 சுருட்டு வரை ஊதுவார். அன்றன்றைக்கு யார் எந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதை வண்ண அட்டைகளில் கலர் பென்சிலால் எழுதி உதவியாளர்களுக்கு அனுப்பிவிடுவார். சாப்பாட்டில் கவனம் கிடையாது. துப்பறியும் கதை என்றால் விடமாட்டார்.

அங்கே ஆர்சனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தவர் வேதியியலாளர் ஆல்பிரெட் பெர்த்தைம். 1909-ல் ஜப்பானில் இருந்து சஹாசிரோ ஹாட்டா வந்து சேர்ந்தார். முயல்களுக்கு சிபிலிஸ் கிருமியைக் கொடுத்து ஆராயத் தெரிந்தவர். பழைய சேர்மங்கள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கச் சொன்னார் எர்லிக். பலன் இல்லை என்று ஏற்கெனவே ஒருமுறை ஒதுக்கப்பட்ட 606-ம் எண் சேர்மம், ஹாட்டா கையில் முயல்களின் புண்ணை ஆற்றியது.

1910 ஏப்ரலில் விஸ்பாடன் மாநாட்டில் அறிவிப்பு வந்ததும் டாக்டர்கள் பிராங்க்ஃபர்ட்டுக்குப் படையெடுத்தார்கள். சந்தைக்கு வரும் முன்பே சுமார் 65,000 டோஸ் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எங்கே, யாருக்கு, என்ன விளைவு என்று எர்லிக் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தார். அந்த வருஷ இறுதியில் ஹெக்ஸ்ட் நிறுவனம் சால்வர்சான் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கியது.

மருந்து வேலை செய்தது. ஆனால் கையாள்வது பெரும்பாடு. காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், அதனால் மூடி உருக்கிய கண்ணாடிக் குப்பியில்தான் வரும். ஊசி போடும் முன் சரியாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நோயாளிக்கு ஆபத்து. சிலர் இறந்தார்கள். ஆர்சனிக் ஆர்சனிக்தானே! கரைக்க எளிதான நியோசால்வர்சானை 1912-ல் கொண்டுவந்தார். எதிர்ப்பு ஓயவில்லை.

நீதிமன்றத்தில் எர்லிக்

எதிர்த்தவர்களில் பல ரகம். பக்க விளைவு பற்றி நியாயமாகக் கேட்டவர்கள் உண்டு. ஒழுக்கக் கேட்டுக்குக் கடவுள் கொடுத்த தண்டனையை ஏன் குணப்படுத்த வேண்டும் என்றவர்கள் உண்டு. மருந்து விலையில் கொள்ளை என்றவர்கள், எர்லிக் யூதர் என்பதாலேயே வசைபாடியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். விவகாரம் 1914-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் வரை போனது.

பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் பாலியல் தொழில் செய்த பெண்களுக்குக் கட்டாயப்படுத்தி இந்த ஊசி போடப்பட்டதாக கார்ல் வாஸ்மான் என்பவர் தன் பத்திரிகையில் எழுதினார். வழக்கு நடந்தது. எர்லிக் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. வாஸ்மானுக்கு ஒரு வருஷச் சிறை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு சாதகம்தான், ஆனால் மனுஷன் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார்.

நோபல் வாங்கிய இந்த மனிதருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்ததே 1914-ல், பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகம் புதிதாக ஆரம்பித்தபோதுதான். மதம் மாறாத யூதருக்கு அன்றைய ஜெர்மனியில் அந்தக் கதவு லேசில் திறக்காது.

அதே வருஷம் போர் வெடித்தது. ஜெர்மனியின் போருக்கு ஆதரவாக 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் எர்லிக்கும் கையெழுத்துப் போட்டார். உலகம் முழுக்க நண்பர்கள் வைத்திருந்தவருக்கு அது அழகான பக்கம் இல்லை. டிசம்பரில் பக்கவாதம் தாக்கியது. 1915 ஆகஸ்ட் 20-ம் தேதி, பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் 61 வயதில் இறந்துபோனார். பிராங்க்ஃபர்ட் யூதர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அழிக்கப் பார்த்த பெயர்

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பிராங்க்ஃபர்ட் தெருப் பலகையில் இருந்து எர்லிக்கின் பெயர் எடுக்கப்பட்டது. மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டுக் கிளம்பி, சுவிட்சர்லாந்து வழியாகக் கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1940-ல் ஹாலிவுட் எர்லிக் கதையைப் படமாக எடுத்தது.

போர் முடிந்தபின் பெயர் திரும்ப வந்தது. ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில், பின்பக்கம் ஒரு மைக்ராஸ்கோப்போடு, எர்லிக் முகம் அச்சானது. யூரோ வந்ததும் அந்த நோட்டு போய்விட்டது.

அவர் தலைமை தாங்கிய சீரம் நிறுவனம் இப்போது பால் எர்லிக் நிறுவனம் என்ற பெயரில் லாங்கன் நகரில் இயங்குகிறது. தடுப்பூசிகளுக்கு அனுமதி கொடுப்பதோடு, அலர்ஜி பரிசோதனைக்கான மருந்துகளைச் சரிபார்ப்பதும் அதன் வேலை. தூசி, மகரந்தம், வேர்க்கடலை என்று ஒவ்வொன்றின் சாற்றையும் கையில் ஒரு சொட்டு விட்டு லேசாகக் குத்துவார்களே, அந்தச் சொட்டு மருந்துதான். ஒத்துக்கொள்ளாத பொருளாக இருந்தால் 15, 20 நிமிஷத்தில் அந்த இடம் தடித்துச் சிவந்து அரிக்கும். உள்ளே மாஸ்ட் செல்லின் மணிகள் உடைந்துவிட்டன என்று அர்த்தம்.